பின்சரிவில் ஒரு பாதை

மேட்டுக்குக் காவலுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, விசிலக்கா தன் அண்ணனுடைய விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு அந்தப் பெயர் இல்லை. புருஷன் பஸ் கண்டக்டர். மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். "வெளிய போய் எதுக்கு அல்லாடுற, இங்கயே இரு" என்று அண்ணன்தான் கூட்டிவந்து, விடுதியின் பின்கட்டில் ஓர் அறையும் துவைக்கிற வேலையும் கொடுத்தார். அக்கா அதை ஒருநாளும் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் நடந்தது அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் மேட்டின் வாசலில் டிக்கெட் கிழிப்பவன். அக்காவோடு பல பருவங்கள் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மேடு என்று நாங்கள் சொல்வது ஊருக்கு மேலே, மலை உச்சியில் கிடக்கிற அகலமான பாறைத் தளம். பாறையின்மேல் ஒரு சாண் மண்கூட இருக்காது. மழை பிடித்ததும் அந்த மெல்லிய மண்ணிலிருந்து ஊதாவும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கள் கிளம்பும். கணுக்கால் உயரத்துக்குமேல் வளராத செடிகள். சில வாரங்கள்தான் இருக்கும். பிறகு விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும்.

முன்பெல்லாம் மாடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் அங்கே ஏறியதில்லை. யாரோ எடுத்த வீடியோ ஒன்று செல்போன்களில் சுற்றியது. அடுத்த மழைக்கு ஊர் தாங்காத கூட்டம். பூக்களுக்கு நடுவே காரை நிறுத்தினார்கள். பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். கல்யாணப் போட்டோவுக்காகப் பெண்ணும் மாப்பிள்ளையும் பூவின்மேல் படுத்தார்கள். வேரோடு பிடுங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அந்தச் செடி எந்தத் தொட்டியிலும் பிழைக்காது. மிதிபட்ட இடத்தில் மண் இறுகிவிடும். அடுத்த மழையில் பெயர்ந்து ஓடும். அப்புறம் வெறும் பாறை பல்லை இளிக்கும். வனத்துறை கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டது. வேலி போட்டார்கள், நடைபாதைக்குக் கயிறு கட்டினார்கள், முன்பதிவு இல்லாமல் யாரும் வரக் கூடாது என்றார்கள்.

அக்காவுக்கு உரக்கப் பேச வராது. முதல் நாள் அவர் "கயித்தைத் தாண்டாதீங்க" என்று சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுநாள் புருஷனுடைய கண்டக்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் போகலாம். பஸ்ஸில் போய்ப் பழகிய சனம். விசில் கேட்டதும் கால் தானாக நின்றது. பெயரும் நிலைத்துவிட்டது.

ஒரு நாள் பார்த்தால் வசதியானவர்களாகத் தெரிந்த ஒரு தம்பதி கயிற்றருகே நின்று கெஞ்சினார்கள்.

"ஒரே ஒரு போட்டோம்மா. நாங்க ஒன்னும் பண்ண மாட்டோம்."

"நீங்க பண்ண மாட்டீங்க சார், எனக்குத் தெரியாதா? ஆனா காலைலேர்ந்து வந்த அத்தனை பேரும் ஒரே ஒரு போட்டோதான் கேட்டாங்க. ஒருத்தர்கூட ரெண்டு கேக்கல."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். மனைவியைக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டம் குறைந்ததில் மேட்டுக்கு மூச்சு வந்தது. ஊர் விடுதிகளுக்கு மூச்சு முட்டியது. அக்காவின் அண்ணன் வருகிற கூட்டத்தை நம்பி அப்போதுதான் மாடி எழுப்பியிருந்தார். அனுமதி கிடைக்காதவர்கள் அறையை ரத்து செய்தார்கள். அக்காவின் மகள் அதற்குள் படிப்பை முடித்துவிட்டு மாமாவின் விடுதியிலேயே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தினமும் போனில் வசவு வாங்குகிறவள் அவள்தான்.

ஒரு காலை, மாடு ஏதும் வேலியை உடைத்திருக்குமோ என்று பார்க்க அக்கா மேட்டின் பின்சரிவுக்குப் போனார். பூ மிக அடர்ந்து பூக்கிற பக்கம் அது. நடைபாதை கிடையாது, யாரையும் விடுவதும் இல்லை. பனிமூட்டம் கலையக் கலைய, வேலிக் கம்பி அழகாக வெட்டி மடக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அங்கிருந்து மேலே இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்தில் ஒரு பாதை. இரண்டு பக்கமும் பூ, நடுவில் சேறு. சேறு கரைந்த இடத்தில் பாறை. கீழே ஓடைமேல் கால் வைக்க ஒரு நீலக் கதவைக் கிடத்தியிருந்தார்கள். விடுதியில் துவைக்கிற அறைக்கு இருந்த பழைய கதவு. தாழ்ப்பாள் உடைந்தபோது அக்கா தன் கையால் சுற்றிய கம்பி இன்னும் அதில் இருந்தது.

அவர் நேரே விடுதிக்குப் போனார்.

"அண்ணே, பின்சரிவுல கிடக்கிறது நம்ம கதவு."

"எந்தக் கதவு?"

"நான் கம்பி கட்டின கதவு."

அண்ணன் எழுந்து அலுவலக அறையைச் சாத்தினார். "சரி, நான்தான் போட்டேன். இப்ப என்ன? விடியற நேரத்துல போயிட்டு, உங்க கேட்டைத் திறக்கறதுக்குள்ள வந்துடுறாங்க. நாலு பேர் நடந்தா மலை தேஞ்சிடுமா?"

"தேஞ்சிடுச்சுண்ணே. வந்து பாரு. பாறை தெரியுது."

"நான் இங்க முழி பிதுங்கி நிக்கிறேன், நீ பாறையைப் பத்திப் பேசுற. சமையக்காரர், துணி துவைக்கிற பொம்பளைங்க, உன் பொண்ணு, எல்லார் வயிறும் இந்தக் கட்டடத்துலதான் இருக்கு. நீயும் இங்கதான் தூங்குற, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குண்ணே. அதனாலதான் உங்கிட்ட வந்தேன். இன்னியோட மூடிடு. நான் யார்கிட்டயும் வாய் திறக்கல."

கடைசியில் அண்ணன் சொன்னார்: "சரி. மூடிடுறேன்."

அக்கா நம்பினார். வேலிக் கம்பியை அவரே இழுத்துக் கட்டினார். ஆனால் மனம் கேட்கவில்லை. சில நாள் கழித்து, பொழுது விடிகிற நேரத்தில் பின்சரிவுக்குப் போய் நின்றார். கீழேயிருந்து பேச்சுக்குரல் ஏறி வந்தது. பனிக்குள் குடைகள் தெரிந்தன. ஒரு விசில் கொடுத்தார். வரிசை நின்றது.

முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தவள் அவருடைய மகள்.

"அம்மா, மாமா கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. வழிய விடும்மா."

"திரும்பிப் போ."

"கெஸ்ட் முன்னாடி அசிங்கப்படுத்தாத. ப்ளீஸ்ம்மா."

விருந்தினர்களில் வயதான ஒரு பெண்மணி முன்னால் வந்தார். "இது போகக் கூடாத இடமாம்மா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே." அவர் தன் காலடியைப் பார்த்தார். செருப்பின் ஓரத்தில் ஊதாப் பூ ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. வேறு எதுவும் கேட்காமல் திரும்பி இறங்கத் தொடங்கினார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். மகள் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு அவளும் போனாள்.

அன்றைக்கே அக்கா வனத்துறை ரேஞ்சரிடம் சொன்னார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ரேஞ்சர் நல்ல மனிதர், எழுதிக்கொண்டே வந்தவர், "கூட்டிட்டு வந்தது யாரு?" என்று கேட்டார்.

"என் பொண்ணு சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை நான் எழுதித்தான் ஆகணுமாம்மா?"

"வேற யார் பொண்ணா இருந்தாலும் எழுதியிருப்பீங்க இல்ல?"

எழுதினார். அந்தப் பருவம் முழுவதும் விடுதியைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். மகளை எச்சரித்து அனுப்பினார்கள். வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். விடுதியின் சமையல்காரர் என் சித்தப்பா. அவர் வேலை தேடி வெளியூர் போனார். எங்கள் வீட்டில் அக்காவின் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். கடைத்தெருவில் அக்கா நடந்து வந்தால், பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா ஒரு முறை சொன்னார்.

பின்கட்டு அறையை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அவரே பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு, தையல் கடைக்கு மேலே ஒற்றை அறைக்குப் போனார். மகள் அங்கே வரவில்லை. நகரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பிடித்துக்கொண்டாள். பஸ் ஏறும்போது, "உனக்கு நான் முக்கியமா, அந்தப் பூ முக்கியமா?" என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது.

வெகுநாள் கழித்து, கயிற்றுக் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்: "அவ கேட்டது தப்புக் கேள்விதான். ஆனா நான் வாயடைச்சு நின்னேன் பாரு, அது அதைவிடத் தப்பு. நீதான்டி முக்கியம்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா?"

"சொல்லிட்டும் இதைத்தான் செஞ்சிருப்பேன்."

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். நான் மண்ணைத் தள்ளி மிதித்தேன்.

பின்சரிவுப் பாதையை மூட நாங்கள் எல்லோரும் வேலை செய்தோம். தண்ணீர் வேகமாக இறங்காதபடி குறுக்கே கல் வரிசைகள் வைத்தோம். ஓடையில் போய்த் தேங்கிய மண்ணைச் சாக்கில் அள்ளிச் சுமந்து மேலே கொட்டினோம். முதல் மழை அதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அடுத்த மழைக்கு நின்ற மண்ணில் முரட்டுப் புல் முளைத்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் மட்டும், பூச்செடி வர வேண்டிய இடத்தைப் புல் பிடித்துக்கொண்டால் கஷ்டம் என்றார். அக்கா அதற்குப் பிறகு மழை விட்ட நேரமெல்லாம் அங்கே குந்திப் புல் பிடுங்கினார்.

மகள் முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். இப்போது அவளே கூப்பிடுகிறாள். அம்மாவுக்கு மழைக் கோட்டு ஒன்று வாங்கி அனுப்பினாள். மேட்டுக்கு வருகிறேன் என்று இதுவரை சொன்னதில்லை.

விடுதி அடுத்த பருவத்தில் திறந்தது. சித்தப்பா திரும்பி வரவில்லை. போன ஊரிலேயே நல்ல இடம் அமைந்துவிட்டது. அண்ணன் தங்கச்சி பேச்சு நின்றது நின்றதுதான்.

மூன்று நான்கு மழை கடந்திருக்கும். ஒரு நாள் டிக்கெட் வரிசையில் அண்ணன் நின்றார். எல்லோரையும்போல முன்பதிவு செய்து வந்திருந்தார். அவர் டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தேன். இத்தனை வருஷம் இந்தப் பூவைச் சொல்லி விடுதி நடத்தியவர் பூத்த மேட்டை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. எப்போதும் அது வேலை நெருக்குகிற பருவமாக இருந்தது.

கயிற்றோரமாகவே நடந்து, கடைசியில் அக்கா நின்ற இடத்துக்கு வந்தார். அங்கிருந்து பார்த்தால் பின்சரிவு தெரியும். ஊதாவுக்கு நடுவே பாதை இன்னும் பழுப்பாக நெளிந்து கிடந்தது.

"இதுவா?"

"இதுதான்ண்ணே."

அவர் நெடுநேரம் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எப்ப மூடும்?"

"தெரியல. நம்ம காலத்துல மூடுமான்னு தெரியல."

"நாலு பேர்தான் நடந்தாங்கன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அக்காவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மழை தூறத் தொடங்கியது. குடையை விரித்துத் தங்கச்சி தலைக்குமேல் பிடித்தார். "நான் கோட்டு போட்டிருக்கேன், நீ நனையாத" என்று அக்கா குடையை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

இப்போது அண்ணன் அவ்வப்போது தையல் கடை மாடிப்படி ஏறி வருகிறார். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. அவர் நாற்காலியிலும் அக்கா கட்டிலிலும் உட்கார்ந்து, மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றியும் அண்ணனுடைய முழங்கால் வலியைப் பற்றியும் பேசுகிறார்கள். மலையைப் பற்றிய பேச்சு மட்டும் வருவதில்லை.