முப்பத்துமூன்றில் ஓடிய பாட்டு

அந்தப் பெட்டியின் வலது மூலையில் நகத்தளவில் ஒரு விசை இருக்கிறது. அதன் பக்கத்தில் மூன்று இலக்கங்கள்: 33, 45, 78. விசையை எந்த இலக்கத்துக்கு நேரே தள்ளுகிறோமோ, இசைத்தட்டு அந்த வேகத்தில் சுழலும். இந்த றெக்கோட் பிளேயர் என்னுடையதல்ல. வேலிக்கு மேலால் கைமாறி என்னிடம் வந்தது. வந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

என் அண்ணை சரக்குக் கப்பலில் வேலை செய்தவர்; நான் அவருடைய தங்கச்சி. வடமராட்சிக் கரையில் எங்கள் ஊரில் கடலுக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. கலியாணத்துக்குப் பிறகு அண்ணை வழக்கப்படி மனைவியின், அதாவது என் மச்சாளின், சீதன வீட்டுக்குப் போனார். போனார் என்பது பேச்சுக்குத்தான், இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு தென்னங்கிடுகு வேலி மட்டுமே. மச்சாள் உடுப்பிட்டிக்கு பஸ்ஸில் போய்ச் சங்கீதம் படித்தவர். கோயில் திருவிழாவில் அவர் பாடினால் கச்சான் கடலை விற்பவர்கள்கூடக் கூவுவதை நிறுத்துவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு அண்ணை இறந்துபோனார். உடல் வரவில்லை. ட்ரங்குப் பெட்டி வந்தது. அதற்குள் உடுப்புகள், மச்சாளுக்கு எழுதித் தபாலில் சேர்க்காத ஒரு கடிதம், தோசையளவில் ஒரு சின்ன இசைத்தட்டு. கடிதத்தை மச்சாள் யாருக்கும் காட்டவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் பாட்டு இல்லை. மச்சாள் வாய் திறந்து பாடவே இல்லை. அவருக்கு அப்போது இருபத்துநாலு வயது. வெள்ளைச் சேலை கட்டிய பெண்ணின் வீட்டில் றேடியோ கேட்டாலே ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் அண்ணையின் தட்டை மட்டும் ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்த பிறகு, அந்த வீட்டில் முன்பே இருந்த இந்தப் பெட்டியில் மச்சாள் ஒருமுறை போடுவார். மேல்நாட்டு இசைநாடகத்தில், ஒப்பரா என்பார்களே, அதில் வரும் பாட்டு. மொழி புரியாது. கனத்த ஆண் குரல் ஒன்று அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்துப் பாடும். பின்னால் வயலின்கள் நடக்கமாட்டாமல் நடந்து வரும். மச்சாளின் தாய், என் மாமி, அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "உது வெள்ளைக்காரன்ரை ஒப்பாரியெல்லோ. கேக்கட்டும் பாவம்," என்பார். நானும் சில நாட்கள் போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். பாட்டு ஊர்ந்துகொண்டிருக்கும், மச்சாளின் விரல்கள் மடியில் வேறு ஏதோ அவசரமான கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். சங்கீதம் படித்தவரின் கை சும்மா இராது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. நான் தங்கியிருந்த வீட்டு றேடியோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பாட்டுப் போனது. மெட்டு அதேதான். ஆனால் பாடியது ஒரு பெண். துள்ளிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சுச் சிரிக்கிற மாதிரி. கலியாணத்துக்கு முதல் நாள் மணப்பெண் பாடுவதாக அறிவிப்பாளர் சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மச்சாள் வீட்டார் விசையைப் பிழையான இலக்கத்தில் விட்டிருக்கிறார்கள். நாற்பத்தைந்தில் ஓட வேண்டியது முப்பத்துமூன்றில் ஓடுகிறது, அதனால்தான் பெண் ஆணாகிவிட்டாள். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அண்ணையின் இரண்டாவது திவசத்துக்கு ஊருக்குப் போனேன். படையல் முடிந்து, சாப்பிட்ட சனம் விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. மச்சாள் குசினியில் அடுப்படியில் நின்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் பெட்டியைத் திறந்து, விசையைத் தள்ளி, ஊசியை வைத்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். விறாந்தையில் பேச்சு நின்றது. மச்சாள் குசினி வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். அந்த முகத்தில் இருந்ததை நான் சந்தோசம் என்றே எடுத்தேன். பிழையில்லை, சந்தோசந்தான். அதைக் கண்டது நான் மட்டுமல்ல என்பதுதான் வினையாயிற்று.

"உவள் இவ்வளவு நாளும் கலியாணப் பாட்டே கேட்டுக்கொண்டிருந்தவள்?" என்று யாரோ ஒரு பெண் கேட்டார்.

அடுத்த நாள் காலை மாமி பெட்டியையும் தட்டையும் பழைய சேலையில் சுற்றி வேலிக்கு மேலால் நீட்டினார். "இதை உங்கடை வீட்டிலை வைச்சிரு பிள்ளை. ஊர் கதைக்கத் தொடங்கியிட்டுது." வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமி காலமான பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மச்சாளிடம் போனேன். இனித் தடுக்க ஆளில்லை என்பது என் எண்ணம். மச்சாள் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"விசையை முப்பத்துமூண்டிலை வைச்சது நான்தான்," என்றார். "அவர் கடிதத்திலை எல்லாம் எழுதியிருந்தவர். பொம்பிளை பாடுறது, கெதிப் பாட்டு, உன்ரை குரல் மாதிரி எண்டு. அந்த வேகத்திலை போட்டால் அம்மா விடுவாவே?"

"அப்ப அந்த அழுகையைத்தானே ஒவ்வொரு நாளும் கேட்டனீங்கள்?"

"இல்லை. மூண்டு அடி வாற இடத்திலை நாலைப் போட்டு, ஒரு கட்டைச் சுருதியிலை கேக்கிறதை நாலு கட்டைக்கு ஏத்தி, மனசுக்குள்ளை அவளைத்தான் கேட்டனான். வெளியிலை ஆம்பிளை அழுவான், உள்ளுக்கை அவள் பாடுவாள்."

மடியில் ஓடிய அந்த விரல்கள் அப்போதுதான் எனக்கு விளங்கின. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"உனக்கென்ன தெரியும்," என்றார். கோபம் இல்லை. "ஒருக்கால் எண்டாலும் சரியான வேகத்திலை கேக்கப் பண்ணினாய். உதை நீயே கொண்டு போ. இப்ப போட்டாலும் எனக்கு அந்தக் கணக்கு வராது."

விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளினால் போதுமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டேன். அடுத்த வருடம் மச்சாளும் கண்மூடிவிட்டார்.

இப்போது பெட்டி என் மேசையில் இருக்கிறது. பொழுதுபட்டதும் சில நாட்களில் தட்டைப் போடுகிறேன். எந்த வேகத்தில் போட்டாலும் கேட்க இந்த வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் விசையை முப்பத்துமூன்றிலேயே வைத்து, விரல்களை மடியில் போட்டு, மூன்று வரும் இடத்தில் நாலை எண்ணிப் பார்க்கிறேன். நான் சங்கீதம் படித்தவளில்லை. ஒரு ஆண் அழுவது மட்டுந்தான் எனக்குக் கேட்கிறது.