அம்மாவைக் கூட்டிப்போன தேவதூதன்

இன்று காலை போத்தனூரில் மாவு வாங்கப் போன கடையில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் அக்கா காய்ச்சலில் இறந்துபோனதிலிருந்து அவள் மகள் ஜெனி என்னோடுதான் இருக்கிறாள். ஏழு வயது. கடையில் எங்கள் தெருக்கார அம்மா ஒருவர் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நேத்து சீரியல் பாத்தியா கண்ணு? புள்ளைங்க பொய் சொன்னா தேவதூதன் வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிடறாரு. இனிமேலாச்சும் நல்ல புள்ளையா இருக்கோணும்."

ஜெனி என் கையை விட்டுவிட்டாள். "சித்தி, ஹோம்வொர்க் முடிச்சுட்டேன்னு அம்மாகிட்ட நான் பொய் சொல்லியிருக்கேன்."

நான் அந்த அம்மா பக்கம் திரும்பினேன்.

"ஏனுங்க, எங்க பைபிள்ல தூதன் வந்தா மொதல்ல 'பயப்படாதே'ன்னுதானுங்க சொல்லுவாரு. நீங்க சொல்றவரு யாருங்க?"

"சீரியல்ல வந்ததத்தான சொன்னேன் அம்மணி? அதுக்கு இத்தன கோவமா?"

"நீங்க சொன்னது தப்புன்னு அவகிட்டச் சொல்லுங்க. சொல்லாம நான் இங்கிருந்து நகர மாட்டேனுங்க."

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் குனிந்து, "நான் சொன்னது பொய் கண்ணு" என்றார்.

ஜெனி அவரைப் பயத்தோடு பார்த்தாள். "அப்ப உங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவாரா?"

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளை வீட்டிலும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நல்ல பதிலாக ஒன்று இருந்தால் எழுதுங்கள். சீரியலில் பார்த்தது மட்டும் வேண்டாம்.