மாப்பிள்ளை கேட்கப் போன எங்கள் காக்கா

படித்தவர்கள் எழுதும் இந்த நினைவு மலரில் நானும் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. காக்காவின், அதாவது என் அண்ணனின், ஒரே தங்கை என்பதால் அவருடைய மாணவர்கள் விடவில்லை.

காக்கா கல்முனைக்குடியில் பிறந்தார். கரைவலை இழுத்த வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடியதும், எங்கள் வீட்டு விறாந்தையில் ஆங்கில டியூஷன் தொடங்கி உம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். குட் (could), வுட் (would), மே (may) போன்ற பணிவுச் சொற்களில் அவருக்கு உயிர். "கேன் எண்டு கேட்டா கேள்வி, குட் எண்டு கேட்டா மரியாதை" என்பார். அந்த மரியாதை தமிழிலும் ஏறிவிட்டது. உம்மாவிடமே, "கொஞ்சம் சோறு கிடைக்கக்கூடுமா?" என்பார். "கிடைக்கும், இருந்து தின்னு" என்பார் உம்மா.

நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மறந்துவிடுவேன். நோயில் முறை வைத்துப் பார்த்த மாணவர்கள், கஞ்சி தந்த அயலவர்கள், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. கடைசி வாரத்திலும் காக்கா, "ஊசிய நாளைக்குப் போடலாமா எண்டு யோசிக்க ஏலுமா?" என்று கேட்டார். தாதி சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்.

இனி என் கலியாணம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. மருதமுனையில் ஒருவரைத் தரகர் சொன்னார். அவரைக் கேட்க வேறொரு வீட்டாரும் வரவிருந்தார்கள். காக்காவும் மாமாவும் அவசரமாகப் போனார்கள்.

மாப்பிள்ளையின் உம்மாவிடம் காக்கா சொன்னாராம்: "உங்கட வீட்டில இரிக்கிற ஒண்ட நாங்க கொண்டுபோக விரும்பினா, தர விரும்புவீங்களா எண்டு கேக்கலாமா?"

அவர் முற்றத்தில் கட்டியிருந்த கிடாயைப் பார்த்தார். "கந்தூரிச் சாப்பாட்டுக்கா மகன்? நல்லாத் தரலாம்!"

மறுத்துப் பேசக் காக்காவுக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை. கிடாயோடு வந்து இறங்கினார்கள்.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் உம்மா.

மாமா கயிற்றை நீட்டினார். "இந்தா, இவர்தான். தாடியும் இரிக்கி."

"உன்ட குட்டையும் வுட்டையும் கடல்ல போடு! அவள்ர வாழ்க்கடா!" என்று உம்மா கத்தினார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். காக்கா என்னை ஒருமுறை பார்த்தார். கிடாயை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அங்கே நடந்ததை, உள்ளறையில் இருந்து கேட்ட என் வீட்டுக்காரர் பிறகு எனக்குச் சொன்னார். காக்கா வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கச் சத்தம் போட்டாராம்: "கிடாய் வேணாம்! உங்கட மகன என்ட தங்கச்சிக்குத் தரவேணும். தந்தே ஆகவேணும்!"

"இத முதல்லயே சொன்னா என்ன மகன்? உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிங்க" என்றாராம் அவருடைய உம்மா, என் மாமி. சம்மதமா இல்லையா என்று தெரியாமல் அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்து, நிக்காஹ்வுக்கு நாள் குறித்துக்கொண்டு போனார்கள்.