பூட்டும் சம்பந்தியும்

பதினோரு வருடமாகச் சதுரங்க கிளப் அணியின் ரிசர்வ் ஆட்டக்காரர் அவர். லீக் போட்டியில் ஒருமுறைகூட ஆட வாய்ப்புக் கிடைத்ததில்லை. தொழில், லிஃப்ட் மெக்கானிக். கறுப்புக் காய் விழுந்தால் பிரெஞ்சு டிஃபென்ஸ்தான் ஆடுவார். சிப்பாய்களைச் சங்கிலிபோல் கோத்து நடுவை அடைத்துவிட்டு, எதிராளி பொறுமையிழக்கக் காத்திருப்பார். அதனால் பட்டப்பெயர் ‘பூட்டு’.

தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தது அதே கிளப்பில் ஆடும் மகளின் மாமனார், டயர்க்கடை முதலாளி. அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். டிரா ஆனாலே அது சம்பந்திக்கு; பூட்டு ஜெயித்தே ஆகவேண்டும்.

காலையில் மகள் போன் செய்திருந்தாள். “விட்டுக்குடுத்துடுங்கப்பா. நான் அந்த வீட்லதானே இருக்கணும்?” அவர் போனை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

“என்ன சம்பந்தி, இன்னைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே உக்காரப் போறீங்களா?”

“வர்றது யாருன்னு பாத்துதானே சாத்துறோம்.”

கடிகாரம் ஓடத் தொடங்கியது. சம்பந்தி சிப்பாய்களை முன்னே தள்ளித் தள்ளி நெருக்கினார். பூட்டின் பிஷப் தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மூச்சுத் திணறியது. மூன்று மணி நேரம் கழித்துச் சம்பந்தி நகர்த்துவதற்காகத் தன் ராணியைத் தொட்டார். ஏதோ உறைக்க, கையை எடுத்துக் குதிரையை நகர்த்தினார். அவருடைய யானைக்கு அந்த ராணிதான் காவல்.

பூட்டு கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கினார். “ராணியைத் தொட்டாரு. தொட்ட காயைத்தான் நகர்த்தணும்.”

“கோணலா இருந்துச்சு, சரி பண்ணினேன். ‘சரி பண்றேன்’னு சொல்லிட்டுத்தான் தொட்டேன்.”

“சொல்லலை.”

“இதுக்கு எல்லாம் உறவை முறிச்சுக்குவீங்களா?”

“உறவு வீட்டுல. இங்க ஆட்டம்.”

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சம்பந்தி திரும்பி, வேடிக்கை பார்க்க வந்திருந்த மருமகளைக் காட்டினார். “பின்னாடியே நிக்குது பாருங்க. அதையே கேளுங்க.”

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. “தொட்டீங்க மாமா. எதுவும் சொல்லலை.”

ராணி நகர்ந்தது, யானை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சம்பந்தி தன் ராஜாவைச் சாய்த்துவிட்டு, கைகொடுக்காமல் எழுந்தார்.

“நல்லா வளத்திருக்கீங்க பொண்ணை.”

“ஆமா,” என்றார் பூட்டு.

மகள் மாமனாரின் காரிலேயே வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் லீக். நான்காம் பலகையில் பூட்டு ஆடுகிறார். ரிசர்வ், சம்பந்தி. எல்லாரும் போவது ஒரே வேனில்.