ஆறு கொம்பு ரூட்டர்

கிர்ர்ர்க்... கிர்ர்ர்க்...

பில் மெஷின் காகிதம் துப்புகிற சத்தம். உங்களை அது ஒன்றும் செய்யாது. நேற்று மருந்துக்கடையில் நின்றபோது எனக்கு மட்டும் காதுமடல் சூடாகிவிட்டது.

காரணம், செஞ்சி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் அன்வர் பாய்.

போன மாதம் பாய் கடைக்கு மேல் ஒரு மாடி எடுத்தார். மேலும் கீழும் பில் கவுண்டர், கேமராக்கள், கார்டு மெஷின், பணம் வந்ததும் கத்திச் சொல்கிற சின்னப் பெட்டி, வேலை செய்கிறவர்களின் போன்கள் — எல்லாம் ஒரே வைஃபையில். பழைய ரூட்டருக்கு மூச்சு வாங்கியது. புதிது வாங்க என்னைத் துணைக்கு அழைத்தார். பத்திரிகையில் கவிதையும் கட்டுரையும் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிற மனிதர்.

நானும் நம்பினேன் — அதுதான் கேவலம்.

விழுப்புரத்துக் கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று டிபன் பாக்ஸ் மாதிரி தட்டையாக, சாம்பல் நிறத்தில். ஆபீஸ்களுக்கு உள்ளது என்றார்கள். இன்னொன்று... கறுப்பு! நீல விளக்கு! ஆன்டெனா என்ற பெயரில் ஆறு கொம்பு!

ஒரே நேரத்தில் எத்தனை மெஷின் ஓடும் என்று கடைக்காரர் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் கொம்புகளைப் பார்த்தேன்.

"இத்த எடுங்க பாய். சிக்னல் மலை வரைக்கும் போவும்."

மலைமேல் யாருக்குப் பில் போடப் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எட்டுகிற தூரம் வேறு, தாங்குகிற பாரம் வேறு. வீட்டு உபயோகத்துக்கு, சில கருவிகளுக்கு மட்டும் என்று பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வாசிப்பதே பிழைப்பாகக் கொண்ட நான் முன்பக்கத்துப் படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மாடி திறப்பு. முதல் பெரிய வியாபாரமே கல்யாண ஜவுளி. மேல்சித்தாமூரிலிருந்து ஒரு சமணக் குடும்பம். மதியம் முழுக்கப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். பில் போட உட்கார்ந்தால், திரையில் வட்டம் சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது. விலையெல்லாம் கம்ப்யூட்டருக்குள். கையால் எழுதவும் வழியில்லை.

பெண்ணின் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், பொழுது எறங்கிட்டா நாங்க சாப்ட மாட்டோம். உங்களுக்குத் தெரியாததா..."

இருட்டிய பிறகு ஒரு வாய்கூடக் கிடையாது. அவர்கள் வழக்கம் அது. ஊர் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும்.

பாய் பதறிப்போனார். கேமராக்களின் இணைப்பைப் பிடுங்கினார். ஒவ்வொருவரிடமும் போய் போனில் வைஃபையை அணைக்கச் சொன்னார். என்னைத் தாண்டிப் போனார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. விருந்தாளி அல்லவா?

விருந்தாளி என்ன செய்துகொண்டிருந்தான்? மாடி ஜன்னலில் நின்று, ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் சாய்வதை வீடியோ எடுத்து, உங்களுக்காக இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கடையின் வைஃபையில்.

ஒரே சூரியன்தான். எனக்குக் கவிதை. அவர்களுக்குக் கடிகாரம்.

கவுண்டரில் இருந்த பாயின் தங்கை ஷமீம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் காதில் விழுந்தது.

"ஏன், அவருக்கு மட்டும் கொம்பா மொளைச்சிருக்குது?"

அணைத்தேன். கொஞ்ச நேரத்தில்... கிர்ர்ர்க்.

அதற்குள் மலையின் விளிம்பில் ஒரு சிவப்புக் கீற்றுதான் மிச்சம். எதிர்க்கடையிலிருந்து பாய் வாழைப்பழம் வாங்கிவரச் செய்திருந்தார். கல்யாணப் பெண்ணும் அப்பாவும் அம்மாவும் ஜன்னலைப் பார்த்தபடி, நின்றுகொண்டே, அவசர அவசரமாக விழுங்கினார்கள். அன்றைய ராத்திரிச் சாப்பாடு அவ்வளவுதான்.

"தப்பு என்னுதுதான் நயினாரே. ரூட்டரு நான் பாத்து வாங்குனது" என்றார் பாய், பெண்ணின் அப்பாவிடம்.

நான் இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வாரா வாரம் உங்களிடம் இத்தனை பேசுகிறவன்...

நம்மில் பலரும் அந்த ஆறு கொம்பு ரூட்டர்தான். ஊர் முழுக்க எட்டுகிறோம். நாலு பேர் ஒரே நேரத்தில் வந்து தோளில் சாய்ந்தால், வட்டம் சுற்றுகிறோம்.

இப்போது கடையில் டிபன் பாக்ஸ் மாட்டியாகிவிட்டது. போன வாரம் போய்ப் பார்த்தேன். மேலும் கீழும் பில் மளமளவென்று வந்துகொண்டிருந்தது. அன்று பேசாமல் நின்றதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். டீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். செருப்பை மாட்டும்போதுதான் ஒருவழியாக, "பாய், அன்னிக்கி நான்தான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் என் தோளில் கைபோட்டு வாசல் வரை வந்தார்.

"அத்த உடுங்க கவிஞரே. மாடிக்கு இன்வெர்ட்டர் வாங்கணும். அதுக்கு நான் மட்டும் போய்க்கிறேன்... நீங்க சாப்ட வாங்க."