இரண்டு வாசல் கூடாரம்

எனக்கு எழுபத்தொரு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஒரு பக்கம் நிறைய ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டுமே, எனக்கு என்ன அவசரம்? மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். கரைக்கு வந்த மீனை வாங்கிக் கூடையில் போட்டு, தலையில் சுமந்து தெருத்தெருவாய் விற்றுத்தான் குடும்பத்தை நிமிர்த்தினேன். அதனால் என் பாரத்தை இன்னொருவர் தூக்குவது எனக்குப் பிடிக்காது. கூடாரம் வாங்கிய கதை அங்கேதான் தொடங்குகிறது.

என் மகள் வயிற்றுப் பேத்தி ஊரப்பாக்கத்தில் தங்கி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். லீவு கிடைத்தால் போதும், முதுகில் பையை மாட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு மலை ஏறப் போய்விடுவாள். இந்தத் தடவை ஜவ்வாது மலைக்குத் தன் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் அழைத்துப் போவதாகச் சொன்னாள். அந்த அம்மா என் சம்பந்தி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு நடப்பார். அவர் மலை ஏறுவார், நான் வீட்டில் உட்கார்ந்து போட்டோ பார்ப்பேனா?

"நானும் வரேன்" என்றேன்.

"வா ஆயா. ஆனா அவங்கவங்க மூட்டைய அவங்கவங்கதான் தூக்கணும். எங்க கூட்டத்துல அதான் ரூல்சு. நீயும் பாட்டியும் ஒரே டென்ட்டு. ஆளுக்குப் பாதியா தூக்கினு வரணும்." கொஞ்சம் யோசித்தாள். "உனக்குத்தான் தோளு ஆவாதே. உன் பாதிய நான் தூக்கினு வரட்டா?"

"நீ தூக்குனா நான் வரல."

அவள் சொன்னது பொய்யில்லை. வலது தோள் பல வருஷமாகவே தகராறு. ஒரு பையின் பட்டை அழுந்தினால் கழுத்து வரைக்கும் இழுக்கும். ஆகவே நான் சுமக்கிற மாதிரி லேசான கூடாரம் கிடைத்தால் மலை, கிடைக்காவிட்டால் வீடு.

மூன்று பேரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நாலைந்து கூடாரங்களை விரித்துப் போட்டார். புடவை வாங்கும்போது பார்ப்பதுபோல ஒவ்வொரு துணியையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன். லேசானது என்று அவர் காட்டியதைத் தொட்டால் விரல் மறுபக்கம் தெரிந்தது.

"இன்னாபா இது, வெங்காயத் தோலாட்டம் கீது? காத்து அடிச்சா இன்னா ஆவறது?"

"தோலு மாதிரிதாம்மா இருக்கும். உள்ள பாருங்க, கட்டம் கட்டமா நூல் ஓடுது. ஓரிடத்துல கிழிஞ்சா அந்தக் கட்டத்தோட நின்னுடும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்தில் தார்ப்பாய் போலத் தடிமனாக ஒன்று இருந்தது. துணி என்றால் அது துணி! "இத்த குடு" என்று ஒற்றைக் கையால் தூக்கினேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு கையாலும் தூக்கினேன். முழங்கால் வரை வந்தது. பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலர் நல்லா இல்ல" என்று கீழே வைத்துவிட்டேன்.

வெங்காயத் தோலையே கட்டி நிறுத்தச் சொன்னேன். சம்பந்தி உள்ளே போய்ப் படுத்தார். அவர் பக்கத்தில் நான். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பாயில் உட்கார்ந்ததுகூட இல்லை. நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். இப்போது அவர் முழங்கை என் விலாவில் இருந்தது. வெளியே வர ஒரே ஒரு வாசல், அதுவும் என் பக்கம். அவர் என்மேல் ஏறித் தாண்டும்போது என் புடவைமேல் முழங்காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க சம்பந்தி. ராத்திரியில நான் மூணு தடவை எந்திரிப்பேனுங்க."

"நானு நாலு தபா."

"அப்ப ஏழு தடவை மிதி இருக்குதுங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து அப்படியே கவிழ்ந்து கிடந்தோம். வெளியே நின்ற கடைக்காரர் கூடாரம் ஆடுவதைப் பார்த்துப் பயந்து, "அம்மா, கம்பு ஒடஞ்சிடும்!" என்று கத்தினார்.

பிறகு அவரே வேறொன்று கொண்டுவந்தார். அதே லேசு, ஆனால் இரண்டு பக்கமும் வாசல். செருப்பு விட வெளியே ஆளுக்கொரு இடமும் இருந்தது. சம்பந்தி தன் வாசல் வழியாகப் போய் என் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "வீட்ல இருக்கீங்களா?" என்றார். அதையே எடுத்தோம்.

பாகம் பிரித்தோம். கம்பும் முளையும் அவருக்கு, துணி எனக்கு. பேத்தி ஒரு பையில் துணியைப் போட்டு என் முதுகில் மாட்டி, இடுப்புப் பக்கம் ஏதோ பட்டையை இழுக்க வந்தாள். "பொடவ கசங்கும், வுடு" என்று கையைத் தட்டிவிட்டேன். தோள் சுருக்கென்றது. உடனே பையைக் கழற்றி, துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தேன். அதன்மேல் துணி மூட்டை. கையால் பிடிக்காமலே கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். சம்பந்தி கை தட்டினார்.

பேத்தி தட்டவில்லை. "மலையில தலைச்சொமை ஆவாது ஆயா."

"வயசுக்கு வந்ததுல இருந்து சொமந்துகினு கீறேன். ஏன் ஆவாது?"

"அப்போ ஞாயித்துக்கெழம கழுக்குன்றம் மலக்கோயில் படியில ஏறி எறங்கிக் காட்டு."

காட்டினேன். அவர்கள் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. எதிரே வந்த ஒருவர், "இன்னாம்மா, சாமிக்குப் பந்தலா?" என்று கேட்டார். "சாமிக்கு இல்ல, எனக்கு" என்றேன். மேலே வேதகிரீசுவரரைக் கும்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தலையில் சுமை இருந்தால் குனிய முடியாது, குனியாமல் காலடி தெரியாது. தெருவில் அது ஒரு குறையே இல்லை. இறங்கு படியில் ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவுகிறேன், படி எங்கேயோ இருக்கிறது. போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சம்பந்தி எனக்கு ஒரு படி கீழே வந்து, வேடிக்கை பார்ப்பவர்போல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் விழுந்தால் அவர்மேல்தான் விழ வேண்டும்.

மூட்டையை நானே இறக்கினேன். "காலு தெரியலடி" என்றேன்.

நான் தூக்கட்டுமா என்று பேத்தி கேட்கவில்லை. தன் பையைக் காலி செய்து, மூட்டையை அதில் போட்டு என் முதுகில் மாட்டினாள். அந்த இடுப்புப் பட்டையைக் கொக்கி போட்டு இறுக்கினாள், தோள் பட்டையைத் தளர்த்தினாள்.

"இப்போ தோள்ல கனம் கீதா?"

இல்லை. பாரம் முழுக்க இடுப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. இடுப்பா? தண்ணீர்க் குடம் உட்கார்ந்த இடம் அது. நாலு பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்துதான் வளர்ந்தார்கள். என்னைக் கேள்வி கேட்கிற இவளும் அங்கேதான். அடிவாரம் வரை குனிந்து, என் காலை நானே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

"இத்த கடையிலயே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"சொல்லத்தான் வந்தேன். பொடவ கசங்கும்னு நீதான் கைய தட்டிவுட்ட."

சம்பந்தி இருமுவதுபோலச் சிரித்தார்.

இன்று கிளம்புகிறோம். பை கதவோரம் நிற்கிறது. சம்பந்தி ஷூவோடு வந்து உட்கார்ந்து, "ஆச்சுங்களா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்டுவிட்டார். பேத்தி இப்போதுதான் வந்தாள். இதுவரை எழுதிய தாள்களை அவளிடம் நீட்டினேன்.

"இந்தா, சத்தமா படி. எழுதினதுலாம் சரியா வந்துகீதான்னு பாக்கணும்."

"பஸ்ஸுக்கு நேரமாவுது ஆயா."

"ஆவட்டும், படி. கலர் நல்லா இல்லன்னு எழுதிகீறேன் பாரு, அந்த எடத்துல மட்டும் சிரிக்காம படி."