டெக்சாஸிலிருந்து பார்த்த சீனா

என் மச்சினன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கேதான் ஓட்டுப் போடுகிறான். சீனாவுக்கு ஒருநாள்கூடப் போனதில்லை. அவனுடைய கட்சி சீனாவைப் பற்றி என்ன நினைக்கிறதோ அதையே அவனும் நினைப்பான். கட்சி சீனாவோடு வியாபாரம் பேசிய காலத்தில், என் மகளைச் சீனாவுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பச் சொன்னவனே அவன்தான். இப்போது கட்சிக்குச் சீனா எதிரி. அவனுக்கும் எதிரி. அவன் பெண்டாட்டி மறு கட்சி. அவளைக் கேட்டால் வேறொரு சீனாவைச் சொல்வாள். அவளும் பார்த்ததில்லை.

அது அவர்கள் வீட்டோடு நின்றிருந்தால் எனக்கென்ன? அவன் தாய்மாமன். மகளை மடியில் வைத்துக் காது குத்தியவன். அவன் சொன்னால் என் மனைவிக்கு மறுபேச்சு கிடையாது.

"அக்கா, வீடியோவுல வர்றது நம்ம புள்ளதானான்னு பாத்துக்க. மூஞ்சியக்கூடச் சீனாக்காரங்க மிஷின்ல செஞ்சிருவாங்க. எங்க ஆளுக டிவியில தெளிவாச் சொல்றாங்க."

அன்று சாயங்காலம் விராலிமலை வீட்டில் இருந்து மனைவி மகளை வீடியோவில் கூப்பிட்டாள்.

"கன்னத்து மச்சம் எங்கடி?"

"இருக்கும்மா. போன் அழிச்சிக் காட்டுது. எல்லார் மூஞ்சியயும் இப்படித்தான் மழமழன்னு ஆக்கும்."

திரையில் மச்சம் இல்லைதான். பூசியிருந்த திருநீறும் பாதி இல்லை. தோல் மெழுகு மாதிரி இருந்தது. வெளியே மயில் கத்தியது.

"மயிலாம்மா?" என்று அந்த முகம் சிரித்தது.

மனைவி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். எனக்கே ஒரு நொடி, இது நம் மகள்தானா என்று பட்டது. அதனால் மச்சினன் மேல் கோபம் இன்னும் ஏறியது.

"ஒன் கையில இருக்கிறதும் சீனா போன்தான்" என்றேன். புத்தி வரும் என்று நினைத்தேன். சுட்டது போல அதைக் கீழே வைத்தாள். பிறகு அது அரிசி டிரம்முக்குள் போனது. மகள் தினமும் கூப்பிட்டாள். அரிசிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. என் போனில் நான் பேசினால் மனைவி எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவாள்.

லீவுக்கு வருவதாக மகள் என்னிடம் சொன்னாள். மனைவி என் போனை வாங்கி, எந்த நாட்டுப் போன் என்று திருப்பிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, லீவுக்கு வர்றேன்னு சொல்லுது. வீட்டுக்குள்ள விடலாமா?"

"பொறுக்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

எதைப் பார்ப்பான்? டிவியைத்தான்.

போனைப் பிடுங்கினேன். "எம் மகள வீட்டுக்குள்ள விட ஒன் கட்சியக் கேக்கணுமாடா?" என்று கேட்டுவிட்டு அணைத்தேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே போய்க் கூட்டி வருகிறேன் என்றேன்.

மனைவி சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் வந்து, திரையைப் பார்த்த மாதிரியே என் முகத்தையும் உற்றுப் பார்த்தாள். பிறகு விரலால் என் கன்னத்தை அழுத்தினாள்.